வாசற்படி தாண்டாத மனத்தாங்கல்

(ஆவடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவர்கள் பேச வருகிறவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருக்கிறார்கள். பொதுக் காரியத்தில் உழைத்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். அவருடைய வீட்டை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. அழைப்புக் கடிதத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நம் நினைவுக் கூட்டங்களில் வீட்டுக்குக் கிடைப்பது கடைசியில் ஒரு வாக்கியம். 'மனைவியும் மக்களும் அவருக்கு உறுதுணையாக இருந்தார்கள்' என்று சொல்லி முடித்துவிடுவோம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிற அறக்கட்டளை இது. அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

நான் பேச எடுத்துக்கொண்டவர் கே. சுப்ரமணியம். பெயரை மட்டும் சொன்னால் "எந்த சுப்ரமணியம்?" என்று கேட்பீர்கள். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தந்தை என்றால் உடனே தெரியும். ஆனால் டெல்லியில் நெடுங்காலம் இது தலைகீழாக இருந்தது. ஜெய்சங்கர் என்ற இளம் அதிகாரியை "சுப்ரமணியத்தின் பையன்" என்று சொல்லித்தான் அறிமுகம் செய்தார்கள். இந்தியா உலகத்தை எப்படிப் பார்க்க வேண்டும், தன்னை எப்படிக் காத்துக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்து யோசிப்பதற்காகவே ஏற்படுத்தப்பட்ட ஒரு நிறுவனம் ஐ.டி.எஸ்.ஏ. பாதுகாப்பு ஆய்வுக்கான அந்த நிறுவனத்தை 1968 முதல் 1975 வரையிலும், பிறகு 1980 முதல் 1987 வரையிலும் இயக்குநராக இருந்து நடத்தியவர் அவர்.

டெல்லிக்காரரைப் பற்றி ஆவடியில் பேசுவானேன்? 1980-இல் அவரிடமிருந்து பறிபோன நாற்காலி ஒன்று உண்டு. அந்த நாற்காலிக்குக் கீழேதான் இந்த ஊர் இருந்தது. அதுதான் காரணம்.

பெரியவர்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஊரில் 'கனரக வாகனத் தொழிற்சாலை' என்று கேட்டால் ஆட்டோக்காரர் யோசிப்பார். 'டேங்க் ஃபேக்டரி' என்றால் யோசிக்க மாட்டார். 1961-இல் முடிவாகி, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி இங்கிருந்து வெளியே வந்தது. இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. கட்டியவை நம் கைகள். அதன் பிறகு 2,000-க்கும் மேல் கட்டினார்கள். சீருடை தைக்கும் ஓ.சி.எஃப்., 1970-களில் வந்த சி.வி.ஆர்.டி.இ. ஆய்வுக்கூடம், பிறகு வந்த இன்ஜின் ஃபேக்டரி என்று ராணுவத்துக்கு வேண்டியதெல்லாம் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. ஆவடி என்ற பெயரே ராணுவ டிப்போ ஒன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டானது என்று ஒரு கதை நம்மிடையே உலவுகிறது. நான் அதை நம்புவதில்லை. ஆனாலும் ஓர் ஊர் தன் பெயரையே படைத் தளவாடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொள்கிறதே, அதில் ஓர் உண்மை இருக்கிறது.

சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சைக்கிளை மிதித்து வீடு திரும்பிய ஊர் இது. எந்த டாங்கி, எத்தனை, எப்போது என்ற முடிவுகள் டெல்லியில் ஆயின. அந்த முடிவுகளின் நிர்வாகத் தலைமை பாதுகாப்பு உற்பத்தித் துறைச் செயலாளருடையது. 1979-இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் சுப்ரமணியம். ஆவடிப் பட்டறைகளில் அன்று வேலை பார்த்த எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்? மிகச் சிலர்தான் என்று நினைக்கிறேன்.

அவர் 1929 ஜனவரி 19-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தார். எம்.எஸ்ஸி. முடித்தவர் ஐ.ஏ.எஸ். தேர்வு எழுதி முதலிடத்தில் தேறி, 1951-இல் சென்னை மாநிலப் பிரிவில் சேர்ந்தார். பிற்காலத்தில் அணு ஆயுதம், ஏவுகணை என்று பேசியவரின் அடிப்படைப் படிப்பு வேதியியல் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. எதை எதனோடு சேர்த்தால் என்ன ஆகும், எந்த அளவில் சேர்த்தால் வெடிக்கும், எந்த அளவில் அடங்கி நிற்கும் என்று கேட்கும் பழக்கம் சோதனைச் சாலையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

1962-இல் சீனாவோடு நடந்த போரில் நாம் பட்ட அடிக்குப் பிறகான ஆண்டுகளில் அவர் பாதுகாப்பு அமைச்சகத்தில் துணைச் செயலாளராக இருந்தார். 1964 அக்டோபர் 16 அன்று சீனா லோப் நோரில் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அந்த இரண்டு நிகழ்ச்சிகளுமே அவரை வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்க வைத்தன என்பது என் எண்ணம். வீரத்துக்கு நம்மிடம் பஞ்சம் இருக்கவில்லை. எதிராளி என்ன நினைக்கிறான் என்று முன்கூட்டியே உட்கார்ந்து படிக்க ஓர் இடம்தான் இல்லாமல் இருந்தது. 1965 நவம்பரில் ஐ.டி.எஸ்.ஏ. தொடங்கப்பட்டதற்கு அதுவே காரணம். இடையில் சுப்ரமணியம் லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்கு ராக்ஃபெல்லர் நல்கையில் போய்வந்தார். 1968-இல் அந்த நிறுவனம் அவர் கைக்கு வந்தபோது அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை.

அன்றைக்கு அது டெல்லி சப்ரூ ஹவுஸில் இயங்கிய ஒரு சிறிய அமைப்பு. பாதுகாப்பு என்றால் ராணுவத் தளபதிகளும் அமைச்சரும் மூடிய அறையில் பேசிக்கொள்வது என்பதுதான் நடைமுறையாக இருந்தது. வெளியே யாராவது வாயைத் திறந்தால் "உனக்கு என்ன தெரியும்?" என்பார்கள். சுப்ரமணியம் அந்த வழக்கத்தைத்தான் உடைத்தார். பத்திரிகையில் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். கருத்தரங்கில் ஜெனரல்களோடும் தூதர்களோடும் நேருக்கு நேர் வாதாடினார். இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். இன்று தொலைக்காட்சியில் பாதுகாப்பு நிபுணர் என்று வந்து உட்காருகிறவர்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு வழியில் அவர் போட்ட பாதையில் நடப்பவர்கள்தான். வரி கட்டுகிறவனுக்குத் தன் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்க உரிமை உண்டு என்பது இப்போது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. 1968-இல் அது சாதாரணம் இல்லை.

அவரோடு எல்லாவற்றிலும் நான் உடன்படுகிறவன் அல்லன். 1971 மார்ச் கடைசியில், கிழக்கு பாகிஸ்தானில் ராணுவத்தின் கொடுமை தொடங்கிய சில நாட்களுக்குள், பாகிஸ்தான் உடைவது நமக்கு நல்லது, இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது என்ற பொருளில் அவர் வெளிப்படையாகப் பேசினார். கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னதுதான் நடந்தது. ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் வந்தார்கள். டிசம்பரில் வங்கதேசம் பிறந்தது. ஆனாலும், அகதிகள் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்த அதே வாரத்தில் 'வாய்ப்பு' என்ற சொல் எனக்கு இன்றுவரை நெருடுகிறது. அகதி என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்காரனுக்குத் தெரியும். இலங்கையிலிருந்து மண்டபம் முகாமுக்கு வந்து இறங்கியவர்களைப் பார்த்தவர்கள் நாம். அயல்நாட்டுக் கொள்கை டெல்லியில் எழுதப்பட்டாலும் அதன் விளைவு எங்கெங்கோ போய் நிற்கும். இலங்கைக் கொள்கையும் அப்படித்தான். ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தீர்ப்பு 1998 ஜனவரி 28 அன்று எங்கே வந்தது? பக்கத்தில் பூந்தமல்லியில்.

அணு ஆயுதம் குறித்து அவர் சொன்னது இன்னும் கவனமாகக் கேட்க வேண்டியது. குண்டு வேண்டும் என்று வாதாடியவர் என்பதோடு அவரை நிறுத்திவிடுவார்கள். அவர் வாதத்தின் இரண்டாவது பாதியைச் சொல்ல மாட்டார்கள். அணு ஆயுதம் போரில் பயன்படுத்துவதற்கான ஆயுதமே அல்ல. மற்றவன் நம்மை மிரட்டாமல் இருப்பதற்கு மட்டும்தான் அது. ஆகவே நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று அறிவிக்க வேண்டும், தேவைக்கு மேல் ஒன்றுகூட வைத்துக்கொள்ளக் கூடாது, அதன் பொத்தான் மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் கையில் மட்டுமே இருக்க வேண்டும். இதுதான் அவர் நிலை. 1998 பொக்ரான் சோதனைகளுக்குப் பிறகு அமைக்கப்பட்ட முதல் தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுக்கு அவரே ஒருங்கிணைப்பாளர். 1999 ஆகஸ்ட் 17 அன்று வெளியான அணுக் கொள்கை வரைவில் அவருடைய இந்தச் சிந்தனையின் ரேகை தெரியும். குண்டே வேண்டாம் என்று நினைக்கும் நான், வேண்டும் என்றவரிடம் இந்த அளவு கட்டுப்பாடு இருந்ததை மதிக்கிறேன்.

இனி அந்த 1980-க்கு வருகிறேன்.

1970-களின் நடுவில் அவர் தமிழ்நாட்டு அரசில் உள்துறைச் செயலாளராக இருந்துவிட்டு மறுபடி டெல்லிக்குப் போனார். கூட்டு உளவுக் குழுவின் தலைவரானார். 1979-இல் பாதுகாப்பு உற்பத்தித் துறைச் செயலாளர். வயது 50. மத்திய அரசில் அந்த வயதில் செயலாளர் ஆவது அபூர்வம். 1980 ஜனவரியில் இந்திரா காந்தி தேர்தலில் வென்று திரும்ப வந்தார். அப்போது பதவியிலிருந்து நீக்கப்பட்ட முதல் செயலாளர் தன் தந்தைதான் என்று ஜெய்சங்கர் 2023-இல் ஒரு நேர்காணலில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அரசில் மறுபடி செயலாளர் ஆகவே இல்லை. ராஜீவ் காந்தியின் காலத்தில் அவரைவிட இளையவர் ஒருவர் அமைச்சரவைச் செயலாளராக்கப்பட்டார். அலுவலக மொழியில் சொன்னால் சுப்ரமணியம் 'சூப்பர்சீட்' செய்யப்பட்டார். மகன் சொன்னது இது. அந்த முடிவுகளை எடுத்தவர்களின் தரப்பில் என்ன காரணம் இருந்ததோ, அதை நான் தீர்ப்பாகச் சொல்ல வரவில்லை.

அந்த நேர்காணலில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு செய்தி. இந்த விஷயம் அப்பா மனதில் இருந்தது, ஆனால் வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது அபூர்வம் என்று மகன் சொல்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு என் வீடு ஞாபகம் வந்தது. என் அப்பா இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எது என்று சொல்ல வேண்டாம். அவருக்கு வர வேண்டிய ஃபோர்மேன் வேலை அவருக்கு ஏழு வருஷம் ஜூனியரான ஒருவருக்குப் போயிற்று. எனக்கு அப்போது பதினொரு வயது. அன்று முதல் எங்கள் வீட்டில் சாயங்கால டிபனோடு அந்த மனிதரின் பெயரும் பரிமாறப்பட்டது. அப்பா வேலையிலிருந்து வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். தட்டின் முன்னால் உட்கார்வார். "அவன் இருக்கானே…" என்று ஆரம்பிப்பார். அம்மா பதில் சொல்லாமல் தோசையைத் திருப்பிப் போடுவாள். என் தங்கைக்கு அப்போது ஐந்து வயது. தினமும் பெயர் கேட்டுக் கேட்டு, அந்த மனிதர் எங்கள் சொந்தக்காரர் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "அந்த மாமா எப்பம்மா நம்ம வீட்டுக்கு வருவாரு?" என்று ஒருநாள் கேட்டாள். அன்று மட்டும் அப்பா எதுவும் பேசாமல் எழுந்து கை கழுவினார்.

அப்பாவைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அவருக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற மனிதன் மாலையில் வீட்டில்தானே வாயைத் திறக்க முடியும்? என்னைப் போல இந்த மேற்குப் புறநகரில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தச் சாப்பாட்டு நேரம் தெரியும். நிரந்தரமாகாத வேலை, கிடைக்காத இன்கிரிமென்ட், மாறிப்போன ஷிப்டு. அம்பத்தூர் எஸ்டேட்டின் கதைகளில் பாதி அடுப்பங்கரைகளில்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. அப்படி வளர்ந்தவன் என்பதால்தான் அந்த இன்னொரு வீட்டின் மௌனம் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. மனத்தாங்கல் இருந்தது, ஆனால் அது வாசற்படியோடு நின்றது.

வீட்டுக்குள் வராதது எழுத்துக்குள்ளும் வரவில்லை. 1980-இல் தன்னை நீக்கிய அதே அரசின் காலத்தில் அவர் மறுபடி ஐ.டி.எஸ்.ஏ. இயக்குநர் பொறுப்புக்குத் திரும்பினார். முன்பு நடத்திய நிறுவனத்துக்கே, ஒரு படி இறங்கியதுபோல் திரும்பிப் போவது சுலபம் இல்லை. பதவி போன அதிகாரிகள் சிலர் அடுத்த நாளிலிருந்து அரசு செய்வதெல்லாம் தவறு என்று எழுதத் தொடங்குவார்கள். இவரோ அந்த ஏழு ஆண்டுகளிலும் கேள்வியின் நியாயத்தை மட்டும் பார்த்து எழுதினார். பிறகு 1998-இல் வாஜ்பாய் அரசு அழைத்தபோது போனார். 2005-இல் மன்மோகன் சிங் அரசு உலகச் சூழல் குறித்த பணிக்குழுவுக்குத் தலைமை ஏற்க அழைத்தபோதும் போனார். எந்தக் கட்சிக்காரராகவும் அவரைச் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவைப் பல்லாண்டுகள் கடுமையாகச் சாடியவர், உலகம் மாறியதைப் பார்த்து, அதே அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் வேண்டும் என்று வாதாடினார். தன் பழைய கட்டுரைகளைத் தானே மறுத்துப் பேச அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

வீடும் அலுவலகமும் நேருக்கு நேர் சந்தித்த நாள் ஒன்றும் உண்டு: 1984 ஆகஸ்ட் 24. அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் நோக்கிச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், ஐ.சி. 421, நடுவழியில் கடத்தப்பட்டது. லாகூர், கராச்சி என்று இறங்கி ஏறிக் கடைசியில் துபாய்க்குக் கொண்டுபோனார்கள். வெளியுறவு அமைச்சகத்தில் இளம் அதிகாரியாக இருந்த ஜெய்சங்கர் அந்தக் கடத்தலைச் சமாளிக்கும் குழுவில் இருந்தார். 2024 செப்டம்பரில் ஜெனீவாவில் இந்தியர்களிடையே பேசும்போது அவரே இதைச் சொன்னார். மனைவி வேலைக்குப் போயிருக்கிறார். சில மாதக் கைக்குழந்தைக்கு உணவு கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம். அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "விமானக் கடத்தல், நான் வர முடியாது" என்று சொல்கிறார். அதற்குப் பிறகுதான் தெரிகிறது, அந்த விமானத்தில் அப்பா இருக்கிறார் என்று.

எண்ணிப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்பைப் பற்றி யோசிப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர், துப்பாக்கி முனையில் ஓர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். மகன் அரசின் மேசைக்கு இந்தப் பக்கம். பயணிகளின் குடும்பங்கள் அரசை நெருக்குகின்றன, "எப்படியாவது மீட்டுக் கொடுங்கள்" என்று. அந்தக் குடும்பங்களில் ஒன்று தன் குடும்பம். அரசுத் தரப்பின் நியாயமும் வீட்டின் பதற்றமும் ஒரே ஆளுக்குள். நானும் என் வகுப்புகளில் தேசிய நலன் என்றால் என்ன என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தத் தொலைபேசிக் குழாயைப் பிடித்திருந்த தாயிடம் அதை எப்படி விளக்கியிருப்பேன் என்று தெரியவில்லை. சுப்ரமணியத்தின் மனைவி சுலோசனா அம்மையார் அந்த இரவை எப்படிக் கழித்தாரோ. கையில் பேரக்குழந்தை, விமானத்தில் கணவர், அலுவலகத்தில் மகன். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் துபாயில் பயணிகள் விடுவிக்கப்பட்டார்கள். சுப்ரமணியம் வீடு திரும்பினார். திரும்பியவர் கடத்தலைப் பற்றிப் பழிவாங்கும் குரலில் எழுதத் தொடங்கிவிடவில்லை. தன் வேலையைத் தொடர்ந்தார்.

அவருடைய மூன்று மகன்களைப் பற்றிச் சொல்லாமல் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. மூத்தவர் விஜயகுமார் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். அடுத்தவர் ஜெய்சங்கர், 1955 ஜனவரியில் பிறந்தவர். அதே மாதம்தான் நம் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தின் காற்றில்தான் இங்கே பொதுத்துறை ஆலைகள் எழுந்தன என்பதால் இதைச் சொல்கிறேன், மற்றபடி தற்செயல்தான். மூன்றாமவர் சஞ்சய் சுப்ரமணியம், வரலாற்றாசிரியர். சோழமண்டலக் கடற்கரையின் வணிகத்தை, பழவேற்காட்டையும் நாகப்பட்டினத்தையும், போர்ச்சுகீசியர்களை, நாயக்கர் காலத் தமிழகத்தை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்றவர், அமெரிக்காவில் பேராசிரியர். ஒருவர் ஆட்சி நிர்வாகத்துக்கு, ஒருவர் அயலுறவுக்கு, ஒருவர் வரலாற்றுக்கு. மூன்றாமவரின் உலகப் பார்வை முதல் இருவருடையதிலிருந்து வெகுவாக வேறுபட்டது. தந்தை சொன்னதையே திருப்பிச் சொல்லும் பிள்ளை அந்த வீட்டில் ஒருவர்கூட உருவாகவில்லை. கருத்து வேறுபாட்டைத் தாங்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால்தான் இப்படி நடக்கும். அலுவலகத்தில் ஜெனரலோடு வாதாடிவிட்டு வந்து வீட்டில் "நான் சொன்னால் சொன்னதுதான்" என்கிறவர்கள் வீட்டில் நடக்காது.

1999-இல் மத்திய அரசு பத்மபூஷண் விருது அறிவித்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரசு அதிகாரியும் பத்திரிகையாளரும் அரசிடம் விருது வாங்கக் கூடாது என்பது அவர் காரணம். அவர் இரண்டுமாக இருந்தவர். 2002-இல் குஜராத்தில் அப்பாவிகள் கொல்லப்பட்டபோது, அங்கே கொல்லப்பட்டது தர்மம் என்று பத்திரிகையில் எழுதினார். தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை எல்லையோடு முடித்துக்கொள்ளாதவர் அவர். தன் குடிமகனைக் காக்கத் தவறுவதும் பாதுகாப்புத் தோல்விதான் அவருக்கு.

கார்கில் போர் முடிந்ததும், 1999 ஜூலை 29 அன்று அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவுக்கு அவர் தலைவர். லெப்டினன்ட் ஜெனரல் ஹசாரியும் பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸும் உறுப்பினர்கள், செயலராக சதீஷ் சந்திரா. சில மாதங்களில் அறிக்கை தயார். ஒரு போருக்குப் பிறகு அரசே ஒரு குழு வைத்து, எங்கே தவறினோம் என்று கேட்டு, அதன் பெரும்பகுதியை நாடாளுமன்றத்தில் வைத்தது. அதற்கு முன் இந்தியாவில் இப்படி நடந்ததில்லை. 1962 தோல்வியைப் பற்றிய அறிக்கை பூட்டப்பட்ட அலமாரியில் கிடந்ததை நேரில் அறிந்த தலைமுறை அவருடையது. சுதந்திரத்தின்போது மவுண்ட்பேட்டன் காலத்தில் போட்ட பாதுகாப்புக் கட்டமைப்பு 52 ஆண்டுகளாக ஏறக்குறைய அப்படியே கிடக்கிறது என்று அந்த அறிக்கை சுட்டிக் காட்டியது. அது தொடங்கிவைத்த விவாதத்தின் வழியாகத்தான் முப்படைகளுக்கும் ஒரு தலைமைத் தளபதி என்ற பதவி வந்தது. வந்தது எப்போது? 2020 ஜனவரி 1. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் ஒரு காலத்தில் நிர்வகித்த படைத்தளவாடத் தொழிற்சாலைகளின் பழைய அமைப்பும் 2021 அக்டோபரில் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. கவச வாகனங்களுக்கான நிறுவனத்தின் தலைமையகம் இதே ஆவடி. முடிவெடுக்கும் நாற்காலிகளில் ஒன்று இப்போது நம் ஊரிலேயே இருக்கிறது. அதில் உட்காருகிறவர்களுக்கும், அதன் கீழே பட்டறையில் நிற்கிறவர்களுக்கும் கிடைக்கப்போகும் பதவி உயர்வுகளும் கிடைக்காமல் போகப்போகும் பதவி உயர்வுகளும் இந்த ஊர் வீடுகளுக்குள்தான் வரும்.

சுப்ரமணியம் 2011 பிப்ரவரி 2 அன்று டெல்லியில் காலமானார். கடைசி ஆண்டுகளில் புற்றுநோயோடும் மற்ற உபாதைகளோடும் இருந்தும் எழுதுவதை விடவில்லை. சுலோசனா அம்மையார் 2020 செப்டம்பரில் மறைந்தார்.

நான் சொன்ன அந்த நேர்காணலில் இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. மூத்த மகன் விஜயகுமார் மத்திய அரசில் செயலாளரானபோது அப்பாவுக்கு அளவில்லாத பெருமை என்று ஜெய்சங்கர் சொல்கிறார். தானும் செயலாளர் ஆனதைப் பார்க்க அப்பா உயிரோடு இல்லை என்றும் சொல்கிறார். முப்பது ஆண்டுகள் வாய்விட்டுப் பேசாத ஒன்று, மகனின் பதவி உயர்வு அன்று முகத்தில் தெரிந்துவிட்டது போலும். அதற்கு மேல் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

என் வீட்டைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு. கல்லூரியில் எனக்கு முதல் பதவி உயர்வு வந்த அன்று ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த ஜூனியரின் பெயரை அவர் சொல்வது எப்போதோ நின்றுபோயிருந்தது. மறந்துவிட்டார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஆர்டரை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் படித்தார். ஸ்வீட்டை எடுக்கவில்லை. காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"ஏம்ப்பா, யாரையாச்சும் தாண்டிட்டு வந்தியா?"

"இல்லப்பா. என் வரிசைதான்."

அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தார்.